கபடிக் களத்தில் ஒற்றைக்கால் தடம்

தாம்பரத்தில் நான் படித்தது மூன்றாவது விடுதிப் பள்ளி. முதல் இரண்டிலிருந்தும் ஓடிவந்துவிட்டேன். அம்மா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். அங்கே எனக்குப் படுக்க இடம் கிடையாது. கபடி நன்றாக ஆடுவேன் என்பதால் இந்தப் பள்ளியில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பி.டி. சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மொத மேட்ச்ல தோத்தா சீட்டு கேன்சல். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் அங்கே மூன்று வேளையும் சோறு சூடாக இருந்தது.

மேட்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது பேய் வந்தது.

தினமும் சாயங்காலம் களத்துக்குத் தண்ணீர் தெளித்து, மண்ணைச் சமப்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போவோம். காலையில் வந்து பார்த்தால், சமையலறையை ஒட்டிய பாதியில், ஈர மண்ணில் காலடித் தடம். கடைசிக் கோட்டிலிருந்து நடுக்கோடு வரை வந்து திரும்பிப் போயிருந்தது. எல்லாமே வலது கால்.

"கபடி பாடிப் போனவன்டா. இடது கால புடிச்சு இழுத்ததுல செத்துட்டான். நடுக்கோட்டத் தொட இன்னும் வந்துகினே கீறான்" என்றான் எங்கள் கேப்டன்.

அன்றிலிருந்து அந்தப் பாதியில் ஒருவனும் கால் வைக்கவில்லை. பாதிக் களத்தில் எப்படிக் கபடி ஆடுவது? எனக்குப் பேயைப் பற்றிக் கவலை இல்லை, சீட்டைப் பற்றித்தான்.

ஒரு நாள் விடியுமுன் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குச் சமையல் அக்கா வந்தாள். அடுப்பில் உலை வைத்தாள். வெளியே வந்து செருப்பைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள். எங்கள் கோடுகளுக்கு நடுவே ஓட்டுச் சில்லை வீசி, கோட்டை மிதிக்காமல் நொண்டியடிக்க ஆரம்பித்தாள். பாண்டி ஆட்டம்!

சிரித்துவிட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இன்னாடா இளிப்பு? உலை கொதிக்கிற வரைக்கும் சும்மா குந்திகினு இருக்கணுமா? ரெடியா கோடு போட்டு வெச்சிருக்கீங்க, ஆடுறேன். யாராண்டயும் சொல்லிடாத. இந்த வயசுல பாண்டி கேக்குதான்னு மானத்த வாங்கிடுவானுங்க."

சத்தியம் செய்தேன். பையன்களின் பேய்ப் பயத்தையும் என் சீட்டு விஷயத்தையும் சொன்னேன். பிறகு பையன்களிடம் வேறு கதை விட்டேன்: "பேயப் பாத்தேன் மச்சான். பேசுச்சு. அது நம்ம ஸ்கூல் பிளேயராம். அந்தப் பாதியில யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத் துணையா நிக்குமாம்."

நம்பினார்கள். மேட்ச் எங்கள் களத்தில்தான். டாஸ் ஜெயித்து அந்தப் பாதியையே கேட்டு வாங்கினோம். எதிரே பம்மல் பையன்கள். பேய் பின்னால் நிற்கிற தைரியத்தில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து மடக்கினார்கள். இடைவேளையில் ஏழு பாயிண்ட் முன்னால் இருந்தோம்.

விசில் ஊதி, பக்கம் மாறச் சொன்னார்கள். எட்டு வயதிலிருந்து கபடி ஆடுகிறவன் நான். கதை கட்டும்போது இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

கேப்டன் என் பனியனைப் பிடித்தான். "டேய், பேயி இப்ப அவனுங்க பக்கம்டா! நான் அங்க பாடிப் போமாட்டேன்."

மற்றவர்களும் களத்துக்கு வெளியே நின்றுகொண்டார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம். இறங்கலன்னா அவங்க ஜெயிச்சதா எழுதிடுவேன்."

எலுமிச்சை ஜூஸ் வாளியோடு அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருந்தேனே. அவள் என்னைப் பார்த்தாள், பி.டி. சாரைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள். புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு பள்ளிக்கூடமும் பார்க்க, அந்தப் பாதி முழுக்க நொண்டியடித்து நடுக்கோட்டில் வந்து நின்றாள்.

"இதான்டா உங்க பேயி. மூணு வேளையும் அது ஆக்கிப் போடறததான் துன்றீங்க. போய் ஆடுங்கடா பேமானிங்களா!"

பம்மல் பையன்கள் விசிலடித்தார்கள். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். துணைக்குப் பேய் இல்லாமல் ஆட்டம் தடுமாறியது. ஏழு பாயிண்ட் இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டில் ஜெயித்தோம்.

"சீட்டு இருக்கு, போ" என்றார் பி.டி. சார். பொய் சொன்னதற்காகக் கேப்டன் முதுகில் நாலு வைத்தான். வாங்கிக்கொண்டு நேராகச் சாப்பிடப் போனேன்.