கரைமேல் போட்ட பந்தல்

வந்திருந்தவர்கள்: பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட், மெம்பர்கள் இருவர், ஓவர்சியர், நாயனக்காரர், சோடாக்காரர். வராதவர் ஒருவர்தான்: போன வருஷம் கரையைப் பழுதுபார்த்ததாகப் பில் வாங்கிய கண்டிராக்டர். அவருக்கு அன்று உடம்பு சரியில்லையாம். கரைக்கும்தான் சரியில்லை, அதைப் பார்க்கத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

எர்ணாவூருக்கு வடக்கே, எங்கள் குப்பத்துக்கு மேற்கே, மழை வெள்ளத்தை மறித்து நின்ற சிறிய மண்ணணை அது. போர்டுக்குச் சொந்தம், வயதானது. அது போனால் பதினாறு குடிசையும் போகும். அதில் ஒன்று எங்களுடையது. அடியில் நீர் கசிய ஆரம்பித்திருந்தது. குப்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால் போர்டுக்கு மனு எழுதினேன். அதற்குப் பிரசிடெண்டே நேரில் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிரசிடெண்ட் வெயிலில் நிற்கலாகாது என்று, கரையின் உச்சியிலேயே பந்தல் போடச் சொன்னார் ஓவர்சியர். எங்கள் ஆட்கள் முழங்கை ஆழத்துக்கு எட்டுக் குழி தோண்டிச் சவுக்குக் கால் நட்டார்கள். நான் மூன்று பக்கம் வரவேற்புப் பத்திரம் வாசித்தேன். கசிவைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் மரியாதையாக ஒரு வரி வைத்திருந்தேன். அதற்குள் பிரசிடெண்ட் இரண்டாவது சோடாவுக்குப் போய்விட்டார். இத்தனை பெரிய பந்தலைத் தாங்கும் கரை எந்த வெள்ளத்தையும் தாங்கும் என்று பேசினார். நானும் கை தட்டினேன்.

மறுநாள் பந்தல்காரர் கால்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார். குழிகளை ஏற்ற முடியாததால் எங்களுக்கே விட்டுப் போனார்.

என் தகப்பனார் மண்வெட்டியை எடுத்தார். போர்டு கரையில் அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றம் என்று நான் தடுத்தேன்.

“எட்டு குழி, எட்டு கூடை மண்ணு. இதுக்கு இன்னாத்துக்குடா பேப்பரு?” என்றார்.

“சட்டம்னு ஒண்ணு கீது நைனா. நாளைக்கே எழுதிப் போடறேன்.”

பக்கத்துக் குடிசைக்காரி கேட்டுக்கொண்டே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “அப்டியே மழைக்கும் ஒண்ணு எழுதிப் போடு. உத்தரவு வந்தப்பறம் பேயட்டும்,” என்றாள்.

குழிகளைச் சாண் போட்டு அளந்து, எண்ணிக்கை, அகலம், ஆழம் எல்லாம் குறித்து, தோண்டியவர்கள் நாங்களே என்பதையும் நேர்மையாகச் சேர்த்து, மூட அனுமதி கேட்டேன். விஷயம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் காகிதத்தைத் திருவொற்றியூர் வரை கொண்டுபோய்ச் சிநேகிதர்களுக்குக் காட்டினேன்.

ஐப்பசியில் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் குழிகளில் இறங்கிய தண்ணீர் கரையை நடுவில் பிளந்தது. ஆட்கள் மணல்மேட்டில் ஏறித் தப்பினார்கள். பதினாறு குடிசையும் முகத்துவாரத்தைப் பார்க்கப் போயின. என் தகப்பனார் மண்வெட்டியை மட்டும் தூக்கி வந்திருந்தார்.

தண்ணீர் வடிந்தபின் போர்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. மணல்மேட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அதையும் நானே வாசித்தேன். போர்டின் உடைமையில் அனுமதியின்றிக் குழி தோண்டிச் சேதம் விளைவித்த குப்பத்தாருக்கு அபராதம். அளவுகள் துல்லியமாக இருந்தன. என் மனுவைப் பார்த்தே எழுதியிருந்தார்கள். குழி ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வீதம், ஆகமொத்தம் பத்து ரூபாய்.