சீசன்காரர்கள் தின்னும் பழம்

பாங்காக்கில் புத்தர் கோயில் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதன் பின்னாலிருந்த சந்தைக்குள் நுழைந்தேன். மங்குஸ்தானைக் குவித்து வைத்திருந்த கடைக்காரி ஒன்றைப் பிளந்து நீட்டினாள். அந்தக் கருஞ்சிவப்புத் தோலின் துவர்ப்பு வாசம் என்னைக் குற்றாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் மேலகரத்துக்கே இழுத்துப் போய்விட்டது.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், எங்கள் முன்னறைகளைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுப்படியில் முடங்கிக்கொள்வோம். ஒரு வருஷம் மெட்ராஸிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டே மங்குஸ்தான் தின்பாள். அவள் எறிந்த தோலைக் கூட்டி அள்ளுவது நான். அள்ளும்போது முகர்ந்து பார்ப்பேன். வயிறு எரியும்.

"எனக்கும் ஒண்ணு வாங்கித் தாயேன்" என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

"ஏட்டி, அது சீசனுக்கு வாறவங்க திங்கது. நமக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த மெட்ராஸ்காரி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "உனக்கென்னப்பா, தினமும் அருவியிலே குளிப்பே."

சீசன் கூட்டத்துக்குப் பயந்து அம்மா என்னை அருவிப் பக்கமே விட்டதில்லை. அந்த மெட்ராஸ்காரியைக் கிள்ளி வைக்கலாம்போல் இருந்தது.

இப்போது நான்தான் வெளியூர்க்காரி. ஆசை தீர, பை நிறைய வாங்கினேன். பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரியின் மகள், ஒரு பழத்தில் இரண்டு சுளையைத் தின்றுவிட்டு மீதியைச் சலிப்போடு குப்பையில் போட்டாள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"உனக்கென்னப்பா, தினமும் திங்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். கிள்ளி வைக்கலாம்போல் இருந்திருக்கும்.