தீவாவில் ஒரு கல்லுக்குப் பொட்டு வைத்தேன்

இந்த ஊருக்கு வந்த முதல் மூன்று மாதம் மதியச் சாப்பாட்டைக் கம்பெனிக்கு வெளியே, சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் சாப்பிட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. விரட்டியதாக நானே நினைத்துக்கொண்டேன். முதல் நாள் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பூண்டு ஊறுகாய் வாசனை கிளம்பியது. எதிரில் இருந்த கிரேக்கர் எட்டிப் பார்த்து, கையை ஆட்டி, "போ போ போ!" என்றார். பக்கத்தில் இருந்தவரும் குனிந்து மோந்துவிட்டு "போ போ போ!" என்றார். கடல் தாண்டி வந்தவனைத் தமிழிலேயே விரட்டுகிறார்களே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அப்படி நினைத்ததில் என் தப்பு பாதிதான். மீதி எங்கள் ஊரின் தப்பு. பாகலூர், ஓசூரை ஒட்டிக் கர்நாடக எல்லையில் இருக்கிறது. வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். எந்தப் பாஷையையும் பாதி காதில் வாங்கி மீதியை ஊகித்துக்கொள்வது எங்களுக்குப் பிறவிக் குணம். வந்திறங்கிய அன்று தாகத்தில் ஒரு கடையில் வாய்தவறி "நீரு" என்றேன். கடைக்காரர் "நெரோ" என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அட, நம்ம பாஷை! அந்தத் தைரியத்தில்தான் கெட்டேன். இங்கே ஆளைப் பார்த்தால் "எலா" என்பார்கள். தெலுங்கில் அது ‘எப்படி?’ நானும் நின்ற இடத்திலேயே "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர்களோ ‘வா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரும் என்னைக் காப்பாற்றவில்லை. முனிராஜ் என்ற பெயரில் முன்பாதி இவர்களுக்குச் சபையில் சொல்லக்கூடாத கெட்டவார்த்தையாம். அதை வெட்டிவிட்டு ‘ராஜ்’ ஆக்கிவிட்டார்கள்.

ஊர் பெயரிலும் இதே கூத்துதான். சரித்திரப் பாடத்தில் தீப்ஸ் என்று படித்த ஊரை இங்கே தீவா என்கிறார்கள். போனில் சொன்னபோது என் மனைவி மஞ்சுளா, "தீவா? அப்ப சுத்தி தண்ணியா?" என்று பதறினாள். கடல் கண்ணுக்கே தெரியாது, சுற்றிலும் பருத்திக் காடும் கம்பெனிகளும்தான் என்றால் நம்பமாட்டேன் என்றாள். ஓசூரில் பார்த்த அதே சிஎன்சி மெஷின் வேலைதான் இங்கேயும். ஊருக்குள் வந்தால்தான் வித்தியாசம். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே வேலி போட்ட ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குள் பழைய அரண்மனைச் சுவர். அதை ஒட்டி மேஜை போட்டுக் காப்பி குடிப்பார்கள். அஸ்திவாரம் தோண்டினால் ஏதாவது வரும். வந்தால் தொல்லியல் ஆபீஸ் வரும். ஆபீஸ் வந்தால் வீடு வராது.

எனக்கோ வீடுதான் வேண்டியிருந்தது. மஞ்சுளாவையும் ஆறு வயது மகள் ஹரிணியையும் இங்கே அழைக்க வேண்டுமென்றால், அவர்கள் இருக்க முறையான வீடு இருக்கிறது என்று காகிதம் காட்ட வேண்டும். நான் இருந்ததோ ஸ்தாவ்ரோஸ் வீட்டின் கீழே ஒற்றை அறை. ஸ்தாவ்ரோஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மாடி வீடு ஜெர்மனிக்குப் போன மகனுக்கு என்று பூட்டியே கிடந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "பின்னாடி இடத்தில் இரண்டு அறை கட்டித் தருகிறேன், நீயும் கை கொடு" என்று அவரே சொன்னபோது அவர் காலில் விழாத குறைதான். அவருடைய அரை இங்கிலீஷிலும் என் முக்கால் இங்கிலீஷிலும் பேசி முடித்தோம். "சின்னப் பள்ளம்தானே, ஆபீஸுக்கு எதற்குச் சொல்வது?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

ஒரு சனிக்கிழமை நான் தனியாகக் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தபோது ‘டங்’ என்றது. மண்ணைத் தள்ளினேன். கருங்கல். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்குக் கருங்கல்லை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பலகை மாதிரி ஒரு கல், அதில் ஈட்டியும் கேடயமும் ஏந்திக் காலை அகட்டி நிற்கும் ஒரு வீரன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பக்கத்து நடுகல் சாமி வேடியப்பன்!

எங்கள் பக்கம் இது புதிதே இல்லை. பாகலூர் ரோட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்குக் காம்பவுண்டு எழுப்பும்போது இதே மாதிரி ஒரு வீரன் கல் வந்தது. ஜேசிபி டிரைவர் குதித்து இறங்கிச் செருப்பைக் கழற்றினார். சூப்பர்வைசர் மஞ்சளுக்கு ஆள் அனுப்பினார். பத்து நிமிஷத்தில் கல் சாமியாகிவிட்டது. நேராகப் போயிருக்க வேண்டிய சுவர் அந்த இடத்தில் மட்டும் மரியாதையாக வளைந்து போனது. ஆயுத பூஜைக்கு வடநாட்டு மேனேஜர்கூட அங்கே கற்பூரம் காட்டுவார். வேலை ஒருநாள்கூட நிற்கவில்லை.

அதே பழக்கத்தில் இங்கேயும் கை தானாக நடந்தது. கல்லைக் குளிப்பாட்டி நிமிர்த்தி வைத்தேன். ரசத்துக்கு வைத்திருந்த மஞ்சளைக் குழைத்து முகத்தில் பூசினேன். மஞ்சுளா கட்டிக்கொடுத்த குங்குமத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். வேடியப்பா, சீக்கிரம் வீட்டைக் கட்டிக் கொடுத்துடு என்று கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரில் ஸ்தாவ்ரோஸ். அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ராஜ், நீ இதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கான்கிரீட் ஊற்றிவிடலாம். இரண்டு மாதத்தில் உன் மனைவி இங்கே இருப்பாள்" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கேடயத்தைப் பார்த்தால் கல். பொட்டைப் பார்த்தால் சாமி. அந்த முகத்தின்மேல் எப்படிக் கான்கிரீட் ஊற்றுவது? மஞ்சுளாவுக்குப் போன் போட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பொட்டு வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன்."

வெடித்தாள். "உங்கள யாருங்க பொட்டு வெக்கச் சொன்னது? பொட்டு இல்லன்னா அது பாட்டுக்குக் கல்லா கெடந்திருக்கும்ல? இந்தப் புள்ள தெனமும் ஸ்கூல் பையில துணி எடுத்து வெச்சிக்கினு அப்பா ஊருக்குப் போறேன்னு நிக்குது. அதுக்கு நான் என்னன்னு சொல்றது?" அழுதாள். மூக்கை உறிஞ்சினாள். "சரி, மூடாதீங்க. சாமிமேல வீடு கட்டி நான் வந்து படுக்கமாட்டேன். போய்ச் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை கான்கிரீட்டுக்குப் பதில் தொல்லியல் ஆபீஸிலிருந்து எலேனி அம்மா வந்தார். ஸ்தாவ்ரோஸ் கொலைக்குற்றவாளி மாதிரி பின்னால் நின்றார். அந்த அம்மா பள்ளத்தில் இறங்கி, கல்லைப் பார்த்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "போ போ போ போ!" என்று கத்தினார். நாலு போ! சர்க்கார் அதிகாரியே போகச் சொன்ன பிறகு நிற்பதா? பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

ஸ்தாவ்ரோஸ் மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்தார். "எங்கே ஓடுகிறாய்?" அந்த அம்மா போகச் சொன்னார்களே என்றேன். எத்தனை பேர் சொன்னார்கள், எப்போதெல்லாம் சொன்னார்கள் என்று சைக்கிள் ஷெட் கதைவரை கொட்டினேன். மனிதர் நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது நம்ம ‘அடேங்கப்பா’வாம். நல்லதுக்கும் சொல்வார்கள், கெட்டதுக்கும் சொல்வார்கள். மூன்று மாதம் மழையிலும் குளிரிலும் நான் ‘அடேங்கப்பா’வுக்குப் பயந்து நின்றபடி சாப்பிட்டிருக்கிறேன்.

திரும்பிப் போனால் எலேனி அம்மா கண்கலங்க நிற்கிறார். பழங்காலச் சிலைகளில் வர்ணம் தங்குவது அபூர்வமாம். இந்த வீரனின் முகத்தில் மஞ்சளும் சிவப்பும் நேற்றுப் பூசியதுபோல இருக்கிறதாம்.

"நேற்று இல்லை, முந்தாநாள்" என்றேன். "மஞ்சள் ரசத்துக்கு வைத்திருந்தது."

அந்த அம்மாவின் முகம் போன போக்கு! கிரேக்க பாஷையில் கால் மணி நேரம் திட்டினார். பிறகு எதற்காகப் பூசினாய் என்று கேட்டார். எங்கள் ஊர் வீரன் கல்லைப் பற்றி, வளைந்த காம்பவுண்டைப் பற்றிச் சொன்னேன். குறிப்பு எழுதிக்கொண்டே, "சுவரையா வளைத்தீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். எங்கள் பள்ளத்துக்கும் வேலி போட்டுவிட்டுக் கல்லோடு போய்விட்டார்.

வீடு போச்சு. ஒரு வருஷம் ஓடியது. மஞ்சுளா போனில் வீட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. ஹரிணி மட்டும், "சாமி எழுந்து போயிட்டாராப்பா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி வந்தால் நான் ஸ்கூலைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். ஒருநாள் அது ஸ்பீக்கரில் ஸ்தாவ்ரோஸ் காதிலும் விழுந்தது. என்ன கேட்கிறாள் என்றார், சொன்னேன். எழுந்து மாடிக்குப் போனார். இறங்கி வந்து மாடிச் சாவியை என் கையில் வைத்தார். "என் மகன் அங்கே சொந்த வீடு வாங்கிவிட்டான். அவன் இனி வரமாட்டான் ராஜ். எனக்கு அது போன வருஷமே தெரியும்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

மஞ்சுளாவும் ஹரிணியும் வந்து சேர்ந்த வாரமே மியூசியத்துக்குப் போனோம். நம்ம கல் ஏசி அறையில், கயிற்றுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில் நின்றது. கீழே ‘தீவா’ என்று ஊர் பெயர். மஞ்சுளா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கயிறுவரை குனிந்தாள். "ஏங்க, புருவத்துல பாருங்க, நம்ம மஞ்சள் இன்னும் போகல." எலேனி அம்மா எதைப் போட்டுக் கழுவியும் அந்தக் கீறலில் மட்டும் துளி மஞ்சள் தங்கியிருந்தது.

வாசலில் இருந்த காவல்காரப் பெண் ஹரிணியின் சடையையும் வளையலையும் பார்த்து ஓடிவந்து, "போ போ போ!" என்றாள்.

மஞ்சுளா சட்டென்று பிள்ளையின் கையைப் பிடித்தாள். "என்னாங்க, போகச் சொல்றாங்களா?"

"இல்ல மஞ்சு, அது சும்மா அடேங்கப்பான்றாங்க."

"அப்ப நீங்க எங்க போறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் கால் ரெண்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன.