சாம்பிராணிச் சூடு

சைனபுக்கு உட்காரத் தெரியாது. ஆடுகிற காலும் பாடுகிற வாயும் சும்மா இராது என்பார்கள். அவளுக்கு இரண்டுமே அப்படித்தான். மேலப்பாளையத்திலிருந்து மராத்தி பேசும் ஹடப்சருக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவள் சூடாக டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. ஊற்றி வைப்பாள், எதற்கோ எழுந்து போவாள், ஆறிப்போன பிறகு நின்றபடியே விழுங்குவாள்.

போன குளிர்காலத்தில் மாமியார் நெஞ்சுச்சளி கண்டு மவுத்தான பிறகு இந்த ஓட்டம் இரண்டு மடங்காயிற்று. மிச்சமிருப்பவர் மாமனார். எண்பதைத் தாண்டியவர், வாய் திறந்து ஒன்றும் கேட்காதவர். இந்தக் குளிர் அவரையும் கொண்டுபோய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நவம்பர் பிறந்ததுமே குளிரோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டாள்.

வெயிலோடு எப்படிக் குப்பை கொட்டுவது என்று மேலப்பாளையத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். குளிரைப் பற்றி அந்த ஊருக்கு என்ன தெரியும்? சைனபு அதைத் திருடனைப் போல நினைத்தாள். நுழைகிற வழியை அடைத்தால் போதும். மாமாவின் அறை ஜன்னல் இடுக்கில் மராத்திப் பேப்பரைச் சுருட்டித் திணித்து டேப் ஒட்டினாள். மேலே காற்று வருகிற ஓட்டைக்கு பிளாஸ்டிக் உறை. கதவடியில் பழைய ரஜாய்ப் போர்வை. பைக்கடை வைத்திருக்கும் கணவன் யூசுஃப் ஒரு ஹீட்டர் வாங்கி வந்தான். "கரண்டுச் சூடு தொண்டையக் காய வச்சிரும்" என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை மஃரிபு தொழுகை நேரத்தில் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஒரு வியாழன் கங்குச் சட்டியை மாமாவின் அறையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடியவள் அதை மறந்தே போனாள். திரும்பி வந்தால் அறை கதகதவென்று இருக்கிறது. இதைவிட நல்ல சூடு எங்கே கிடைக்கும்? இறைவனின் பரக்கத்தும் சேர்ந்து வருகிறதே. மறுநாளிலிருந்து தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கத் தொடங்கினாள். சட்டி நிறையக் கங்கு, மேலே ஒரு சிட்டிகை சாம்பிராணி, கட்டிலுக்குப் பக்கத்தில், காலையும் மாலையும்.

மாமாவுக்குத் தலைவலி வந்தது. சோறு பிடிக்கவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்தார், எந்நேரமும் தூக்கம். குளிர் உள்ளுக்குள் இறங்கிவிட்டது என்று பதறி, சைனபு கங்கைக் கூட்டினாள். வேலியே பயிரை மேய்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை மட்டும் அவர் ஜும்ஆவுக்காக அந்தக் குளிர்காற்றிலேயே பள்ளிவாசலுக்கு நடந்து போய் வந்தார். வந்தவர் முகம் தெளிந்திருந்தது. கேட்டு வாங்கி இரண்டு பராட்டா சாப்பிட்டார்.

"பள்ளியில என்ன மாமா மருந்து தந்தாவ?" என்று கேட்டாள், கொஞ்சம் பொறாமையோடுதான்.

"ஒண்ணுமில்ல புள்ள. நடந்தேன்."

மறுநாள் காலை சட்டியைக் கட்டிலருகே வைத்து, குனிந்து கங்கை ஊதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கே நெற்றிப்பொட்டு தெறித்தது. எழுந்தால் கால் துவண்டது. மாமாவைப் பார்த்தாள். தாடை நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாள், அவர் அசையவில்லை. நேற்று வெளியில் போய் வந்த முகம் அப்போதுதான் அவள் நினைவில் வந்து அடித்தது. வெளியில் நன்றாக இருக்கிற மனிதர் இந்த அறைக்குள் அல்லவா வாடிப்போகிறார்!

டேப்பைப் பிய்க்கப் பார்த்தாள். நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கியிருந்தாள், வரவில்லை. கையிலிருந்த இரும்பு இடுக்கியால் கண்ணாடியை உடைத்தாள். அவரை அக்குளில் கைகொடுத்து வராந்தாவுக்கு இழுத்து வந்து, போட்ட கூச்சலில் மாடி முழுக்க ஓடி வந்தது.

கிளினிக்கில் இருவருக்கும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூடின அறையில் கரி எரித்தால் அதிலிருந்து வருகிற விஷத்துக்கு வாசனை கூடக் கிடையாது என்று டாக்டர் ஹிந்தியில் திட்டினார். யூசுஃப் ஓடி வந்தான், டாக்டரிடம் பேசினான், மத்தியானம் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினான். சனிக்கிழமை வியாபாரம்.

சாயங்காலம் ஹீட்டர் பரணிலிருந்து இறங்கியிருந்தது. உடைந்த கண்ணாடிக்கு அரைவாசி மட்டும் அட்டை வைத்திருந்தாள். மாமா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"தலை வலிச்சப்பவே சொல்லப்பிடாதா மாமா? இந்தப் புகை ஒத்துக்கலன்னு ஒரு வார்த்த?"

"தெரிஞ்சுது புள்ள. சட்டி வந்தா வலிக்கும், போனா நிக்கும்."

"பொறவு?"

"நீ மூணு மாடி எறங்கிக் கரி வாங்கி, ஊதி ஊதிக் கொண்டாந்து வைக்குத. அதப் போயி எப்படி வேண்டாங்கது? நம்மளப் பாக்குற புள்ளைகிட்டக் குறை சொல்லலாமா?"

சைனபுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மரியாதைக்காக ஒரு மனிதர் செத்தே போயிருப்பார். அவரை அப்படி வாயடைத்து உட்கார வைத்தது தன்னுடைய இந்த ஓட்டம்தான் என்று புரிந்தது.

"இனிமே குறை சொல்லணும் மாமா. இப்பவே சொல்லுங்க, நான் கேக்கேன்."

அவர் யோசித்தார். "கஞ்சியில உப்பு பத்தல."

"செரி. அடுத்தது?"

"இந்தக் கம்பளிக் குல்லா காத அரிக்கி."

"கழத்திருங்க. இன்னும்?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதவைப் பார்த்தபடி சொன்னார்.

"யூசுஃப் வாசல்ல நின்னே 'வாப்பா, வாரேன்'னுட்டுப் போயிருதான். அவன் உம்மா போனதுல இருந்து உள்ள வந்து எம்பக்கத்துல உக்காரல."

உண்மைதான். ரஜாயும் டேப்பும் கரியுமாக ஓடிய ஓட்டத்தில் அவள் கண்ணில் இது படவே இல்லை. போனை எடுத்துக் கடைக்கு அடித்தாள்.

"கடையச் சாத்திட்டு வாங்க."

மறுமுனையில் யூசுஃப் பதறினான். "என்ன ஆச்சு? வாப்பாக்கு திரும்ப முடியலயா?"

"நல்லா இருக்காவ" என்றாள். "நல்லா இருக்கும்போதே வாங்க."