கொரிய எண்ணெயும் கோமதியின் முகமும்

முகத்தில் எண்ணெய் வழிந்தால் அதை எண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்று ஒரு நாடே நம்புகிறது. அந்த நாட்டில்தான் நான் குடியிருக்கிறேன். கணவருக்கு வேலை கொரியாவில், சுவோன் நகரத்தில். நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். "மூஞ்சியப் பாரு, எண்ணெ வழியுது, போய்க் கழுவிட்டு வாளா" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. கடலை மாவு, பயத்தம் மாவு, சோப்பு என்று வீட்டிலிருந்த அத்தனையும் என் முகத்தின் எண்ணெயை விரட்டுவதற்காகப் படையெடுத்து வந்தன. இவ்வளவு பாடுபட்டு எண்ணெய் இல்லாத முகத்தோடு கடல் தாண்டி வந்தால், இங்கே அழகுசாதனக் கடையில் ஒரு சுவர் முழுக்க முகம் கழுவும் எண்ணெய்ப் புட்டிகள். எங்கள் ஊர்ச் செக்குக் கடையில்கூட இத்தனை வகை பார்த்ததில்லை.

முதல் குளிர்காலத்தில் முகமெல்லாம் பருவாக வந்தபோதுதான் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். கடைக்காரப் பெண்மணிக்கு என்னைவிட வயது அதிகம் என்பதால் 'ஒன்னி' என்று அழைத்தேன். அவர்கள் ஊரில் பெண்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒன்னி என் முகத்தை அருகில் வந்து ஆராய்ந்துவிட்டு, "முகத்துக்கு எந்த எண் பூச்சு போடுகிறீர்கள்?" என்று கேட்டார். இங்கே முகப்பூச்சின் நிறத்துக்கு எண்கள் உண்டு. அந்தக் கடையில் இருபத்தொன்றும் இருபத்துமூன்றும் இருந்தன. என் நிறத்துக்கு எண் எண்பதுக்கு மேல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பூச்சே போடுவதில்லை" என்றேன். "அப்படியானால் எதைக் கழுவப் போகிறீர்கள்?" என்றார் பரிதாபத்தோடு. வெயிலுக்குப் போடும் சன்ஸ்கிரீனை என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கையைத் தட்டிக் கொடுத்து, "கவலைப்படாதீர்கள், வெயிலில் கறுத்ததுதானே, குளிர்காலம் முடிவதற்குள் பழைய நிறம் வந்துவிடும்" என்றார். இதுதான் என் பழைய நிறம் என்று சொல்லும் அளவுக்கு அப்போது எனக்குக் கொரிய மொழி வரவில்லை. நன்றி சொல்லித் தலை குனிந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலம் வந்து போய்விட்டது. பழைய நிறம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் எண்ணெய் விஷயத்தில் ஒன்னி சொன்னது பொய்யில்லை. எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்குத் தண்ணீர்போல் ஓடும் லேசான எண்ணெயாகவும், வாசனை சேர்க்காததாகவும் எடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, தண்ணீர் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல எண்ணெய் என்றால் பால்போல் வெளுத்து, பிசுபிசுப்பே இல்லாமல் போய்விடும். பூசும்போது முகமும் காய்ந்திருக்க வேண்டும், கையும் காய்ந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தேய்த்து, ஈரக் கையால் வெளுக்க வைத்து, உடனே கழுவி, அதற்கு மேல் நுரை வரும் சோப்பும் போட வேண்டும். இந்த 'உடனே' என்ற சொல்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்தால் அது ஊற வேண்டும். ஊறுகிற வரைக்கும் வீட்டில் யாரும் நமக்கு ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். ஊறாத எண்ணெய் உடம்பில் பிடிக்காது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

போன விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். என் தங்கை கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கோமதி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். நிறத்தில் என்னை உரித்து வைத்தவள். கொரியத் தொடர்களில் எல்லாருடைய முகமும் கண்ணாடிபோல் மின்னுவதை எங்கள் தெருவே பார்த்து வைத்திருக்கிறது. "ஏளா, அந்த எண்ணெயில ரெண்டு புட்டி கொண்டா. கோமதிக்குத் தேய்ச்சி விடணும்" என்றாள் அம்மா.

"அம்மா, அது வெள்ளையாக்குற எண்ணெ இல்ல. அழுக்கு எடுக்கது."

"கறுப்பும் ஒரு மாதிரி அழுக்குதானளா. பைய பைய எடுத்துரும்."

பெற்றவளே இப்படிச் சொல்வதா என்று எனக்குக் கோபம் வந்தது. என்றாலும் புட்டியை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். பருவாவது குறையட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரில் இறங்கிய அன்றே எப்படிப் பூசுவது, எப்படிக் கழுவுவது என்று அம்மாவுக்கும் கோமதிக்கும் விளக்கமாகச் செய்து காட்டினேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, நான் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அம்மா காரியத்தை முடித்துவிட்டாள். குளித்துவிட்டு வந்த கோமதியை மணையில் உட்கார வைத்து, கொரிய எண்ணெயை நெற்றியிலிருந்து கழுத்து வரை தாராளமாகப் பூசி, ஊற விட்டுவிட்டாள். கழுவவும் விடவில்லை. தண்ணி பட்டால் சத்து போய்விடுமாம். அந்த எண்ணெயின் மேலேயே பார்லர் அக்கா வந்து, தன் கையிலிருந்த ஒரே நிறப் பூச்சை அடித்துவிட்டுப் போனாள். கொரியாவிலாவது இரண்டு எண் உண்டு. பாளையங்கோட்டையில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே எண்தான். நான் வரும்போது கோமதி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பட்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் கார் வந்துவிட்டது.

அவள் காப்பித் தட்டோடு முன்னறைக்கு வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. சித்திரை மாதத்து வெயில். ஜன்னல் வழியாகச் சூடு இறங்குகிறது. கோமதிக்கு வேர்க்க ஆரம்பித்தது. நான் மேலே சொன்னேனே, தண்ணீர் பட்டால் இந்த எண்ணெய் பால்போல் வெளுக்கும் என்று. வேர்வையும் தண்ணீர்தானே. நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு கிளம்பி, புருவத்தைத் தாண்டி, பார்லர் அக்காவின் உழைப்பையும் கூட்டிக்கொண்டு கன்னத்தில் இறங்கியது. அடுத்த கன்னத்தில் இன்னொன்று. மாப்பிள்ளையின் அம்மா கையிலெடுத்த காப்பியைக் குடிக்காமல், "என்னம்மா இது, மூஞ்சியில பால் பொங்குது?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை சட்டென்று தன் செல்போனில் முக்கியமான ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

கோமதி தட்டை மேசையில் வைத்தாள். "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி மூலையிலிருந்த வாஷ்பேசினுக்குப் போனாள். நான் சொல்லிக் கொடுத்த முறையில், அதாவது இந்தியாவிலேயே முதல்முறையாகச் சரியான முறையில், ஈரக் கையால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். எண்ணெய் வேலை செய்திருந்தது. ஒரு பொட்டுப் பூச்சு மிச்சமில்லை.

"இதான் என் மூஞ்சி. இவ்வளவு நேரம் இருந்தது பார்லர் அக்காவோடது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. காப்பியைக் குடித்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். கெட்ட எண்ணெயைக் கொண்டு வந்து தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனாம். பிறகு அழுதாள். நான் கோமதியிடம், "ஏட்டி, நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, அம்மா பூசும்போது வேண்டாம்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. ஆனா அம்மா அவ்வளவு ஆசையாத் தேய்ச்சா. சின்னப் பிள்ளையில தேய்ச்ச மாதிரி. அதான் கண்ண மூடிக்கிட்டு இருந்துட்டேன்" என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

நான் சுவோனுக்குத் திரும்பிய பிறகு தரகர் அண்ணாச்சி அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். "மாப்பிள்ளை வீட்டுல நிறம் கொஞ்சம் கம்மின்னு நெனைக்காங்க. மத்தபடி ஒரு கொறையும் சொல்லல. ஆனா அந்த எண்ணெ அவ்வளவு மேக்கப்பயும் எப்படி எடுத்துச்சு பாத்தீங்களா, அவங்க மகளுக்கு அதுல ஒரு புட்டி வேணுமாம். பெரியவ அடுத்த தடவ வாரப்ப கொண்டாந்தா நல்லது" என்றாராம். பெண் வேண்டாம், எண்ணெய் வேண்டும். இதைச் சொல்லத்தான் நேற்று சாயங்காலம் கோமதி வீடியோவில் கூப்பிட்டாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இனிமேல் யாருக்கும் காப்பித் தட்டு ஏந்துவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். மூன்றாம் நாள் அம்மா அவள் முகத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "பரு கொறைஞ்சிருக்குளா" என்று மட்டும் சொன்னாளாம்.

சிரித்து முடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "அக்கா, அது என்ன உன் மூஞ்சி வெள்ளையா இருக்கு? என்னத்தப் பூசியிருக்க?"

நான் எதையும் பூசவில்லை. போன மாதம் இங்கே வாங்கிய செல்போன் அது. கேமராவின் முன்னால் எந்த முகம் வந்தாலும் கேட்காமலே வெளுத்து, வழவழப்பாக்கித்தான் காட்டும். "அந்த வெள்ளைய எடுத்துட்டு உன் மூஞ்சியக் காட்டுக்கா, யார்கிட்டயோ பேசுத மாதிரி இருக்கு" என்றாள். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் அவள், அம்மா பெற்ற நிறத்தில். இன்னொன்றில் அதே மூக்கும் அதே வாயுமாக, எங்கள் வீட்டில் பிறக்காத ஒருத்தி. அதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்குக் கொரிய மொழியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். "இன்னும் வரல, இன்னும் வரல" என்று அங்கிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.