சுவரில் முட்டும் மூன்று படிகள்

அப்பாடா… ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை ரிப்பன் வெட்டியாயிற்று. கோவையில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்த ஓட்டு வீடு இனிமேல் மியூசியம். இசையமைப்பாளர் அமிர்தலிங்கம் மாஸ்டர் வாழ்ந்த வீடு.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்கிறீர்களா? அதற்கு முந்தைய வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கோவையில் சினிமா ஸ்டுடியோக்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மாஸ்டர் இந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். முன்னறையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். பட வேலைகள் சென்னைக்கு நகர்ந்ததும் அவரும் கிளம்பிவிட்டார். பிறகு அதே அறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடந்தது. அதற்கும் பிறகு மோட்டார் பம்ப் குடோன். இந்த ஊரின் பாதிச் சரித்திரத்தை அந்த ஒரு முன்னறையே பார்த்துவிட்டது!

வீட்டின் சொந்தக்காரர் ராஜேஸ்வரியம்மா. எழுபதைத் தாண்டியவர். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே வந்தால் அசல் கோவைத் தமிழ். அப்பார்ட்மென்ட் கட்டுகிறோம் என்று வந்த பில்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "மாஸ்டர் இருந்த ஊடுங்க. எங்கப்பா சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தாருங்க. இடிக்க மனசு வரலீங்க" என்று முன்பகுதியை மியூசியம் அமைக்கும் எங்கள் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டு, பின்கட்டுக்குக் குடிபோனார்.

அவருடைய மகனுக்கு இதில் அரை மனதுதான். "மாஸ்டர் இங்கதான் இருந்தாருங்கறதுக்கு ஆதாரம் சரியா இருந்தா மியூசியம் வெச்சுக்குங்க. இல்லீன்னா பில்டரைக் கூப்பிட்டுருவேனுங்க" என்று சொல்லியிருந்தார்.

ஆதாரம் தேடும் வேலை யாருக்கு? வேறு யாருக்கு… தேதி, வருஷம் சரிபார்க்காமல் ஒரு வரி எழுதாத எனக்குத்தான். பழைய ஸ்டுடியோ கடிதங்களில் தெருவின் பெயர் கிடைத்தது. கதவு எண் இல்லை. மிச்சத்துக்கு ராஜேஸ்வரியம்மாவின் அப்பா சொன்ன வார்த்தை இருக்கிறதே! தைரியமாக வீட்டின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு முந்தைய ஞாயிறு. பாலிஷ் போடுவதற்காகத் தலைவாசல் நிலையைத் தேய்த்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போய், மரத்தில் செதுக்கிய ஆண்டு பளிச்சென்று தெரிந்தது. பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

மாஸ்டர் கோவையை விட்டுப் போய் மூன்று வருஷம் கழித்து வரும் ஆண்டு அது!

வீடு கட்டும்போது செதுக்குவதுதானே அது? அப்படியானால் கட்டாத வீட்டில் மாஸ்டர் எப்படிக் குடியிருந்தார்? அவர் பக்கத்து வீட்டில் இருந்தாரோ? எதிர் வீட்டிலோ? புத்தகம் தப்பென்றால் போகட்டும், கிழித்துவிடலாம். வீட்டை இடித்துவிட்டால்?

ராஜேஸ்வரியம்மாவிடமே கேட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? 'உங்கப்பா சொன்னது நிசந்தானுங்களா?' என்றா? நம் பக்கத்தில், வேலி தாண்டி வந்து நம் வெள்ளாமையை மேய்கிற மாட்டைப் பற்றிச் சொல்லக்கூட, 'சாப்டீங்களா' என்றுதான் ஆரம்பிப்போம்.

அதனால் ஊர் சுற்றினேன். ஈரோட்டில், ஸ்டுடியோ பிடில்காரரின் மகனைப் பிடித்தேன். "அந்தத் தெருவுல ஏதோ ஒரு ஊடுங்க" என்றார். பல்லடத்தில், டைப்ரைட்டிங் வாத்தியாரைப் பிடித்தேன். அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் யார் யார் ஹையர் பாஸ் பண்ணினார்கள் என்பதுதான். நடுநடுவே ராஜேஸ்வரியம்மா வீட்டுக்கும் போனேன். காப்பி குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை அவரே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நாலு நாளா வாரீங்க. காப்பி குடிக்கறீங்க. நிலையை அண்ணாந்து பாக்கறீங்க. பேயறைஞ்சாப்ல போறீங்க. என்னன்னு சொல்லிப்போடுங்க."

சொல்லிவிட்டேன்.  அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள்…

"அட சாமி! அது வாசலை மாத்துன வருசமுங்க. ஊடு கட்டுன வருசமில்லீங்க. எங்கக்காளுக்கு வரன் தள்ளிப்போயிட்டே இருந்துச்சு. தாராபுரத்துல இருந்து ஒரு வாஸ்துக்காரரு வந்து, மேக்கு வாசல் ஆகாதுன்னுட்டாரு. அப்பா அதை அடைச்சுப்போட்டு, வடக்க புது நிலை வெச்சாரு."

"அப்புறம் கல்யாணம் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. மாப்பிள்ளை பின்னாடி சந்துக்காரரு. பொறவாசல் வழியாவே வந்து போயிட்டிருந்தாரு. புது வாசலை அவரு பாக்கக்கூட இல்லீங்க!"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"நீங்க கேட்டீங்களா?"



மேற்குச் சந்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று கல் படிகள். ஏறினால் நேராகச் சுவரில் முட்டுகின்றன. இரண்டு வருஷமாக அந்தப் படியோரம்தான் என் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். ஹெல்மெட்டை வைப்பதும் அந்த இரண்டாவது படியில்தான். சுவருக்கு எதற்குப் படி என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

அப்போதுதான் பொறி தட்டியது. என் வீட்டுக்கு ஓடி ஃபைலைப் பிரித்தேன். மாஸ்டர் கையில் குடையோடு நிற்கிற பழைய புகைப்படம். பின்னால் திறந்த கதவு. காலடியில் மூன்று படிகள். இரண்டாவது படியின் மூலை உடைந்திருந்தது. சந்தில் பார்த்தேனே… அதே உடைசல்! படத்தின் கீழே என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன் — 'இடம் தெரியவில்லை'.

ராஜேஸ்வரியம்மாவின் மகனைச் சந்துக்குக் கூட்டிவந்து படத்தைக் கொடுத்தேன். குனிந்து படியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். உடைந்த மூலையைத் தடவினார். "இதுல உழுந்துதானுங்க நான் பல்லை ஒடைச்சுக்கிட்டேன்… சரி, விழாவை நடத்துங்க" என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தேதியைச் சரிபார்த்து எழுதுகிற என்னைப் போன்றவர்கள் மரத்தையும் கல்லையும் நம்புவதற்குக் காரணம் துல்லியம் மட்டுமா? இல்லை. நாம் என்ன கேட்டாலும் அவை கோபித்துக்கொள்ளாது. மனிதர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து, பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டுப் பல்லடத்துக்கு பஸ் ஏறுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கமிட்டிச் செயலாளர் மேற்குச் சந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்தப் படி சும்மாதானுங்களே கெடக்குது? பேத்துப்போட்டா இன்னும் நாலு வண்டி நிறுத்தலாமுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, தெருவே திரும்பிப் பார்த்தது.

"அதுல மட்டும் கை வெச்சீங்கன்னா, அப்புறம் நான் மனுசனா இருக்கமாட்டேனுங்க!"