வளவனூர் வரைக்கும் ஷன்டிங்

என் மனைவி ரயிலில் பத்திரமாக ஊர் போய்ச் சேர்வதற்குக் காரணம் நான் கூடப் போவதுதான் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். நான் இல்லாவிட்டால் அவள் ஏறவேண்டிய வண்டியில் ஏற மாட்டாள், இறங்கவேண்டிய இடத்தில் இறங்க மாட்டாள், தண்டவாளமே கொஞ்சம் கோணிக்கொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தது.

எங்கள் வீடு விழுப்புரத்தில். அவளுடைய ஒரே தங்கையைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தோம். அந்தக் கல்யாணத்துக்கு மூன்று பிள்ளைகளோடு ரயிலில் போனோம். மடியில் கைக்குழந்தை, தோளில் சாய்ந்து தூங்கும் நடுப்பிள்ளை, காலடியில் தகரப்பெட்டி, தண்ணீர்க் கூஜா. இத்தனைக்கும் நடுவில் மூத்தவளுக்கு வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. நான் என்ன செய்தேன்? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வண்டி சரியான திசையில்தான் போகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். கரித்தூள் கண்ணில் விழுந்தது. அவள் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி என் கண்ணில் ஒற்றினாள். மிச்ச தூரம் ஒற்றைக் கண்ணாலேயே குடும்பத்தைக் காப்பாற்றினேன்.

விக்கிரவாண்டியில் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். கூஜா நிறைந்து திரும்பிப் பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தது. கார்டு கொடி காட்டிவிட்டார். நான் கூஜாவோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். அப்போது ஒரு ஜன்னலில் குழந்தையின் சிவப்புச் சட்டை ஆடியது. ஆட்டியவள் என் மனைவி. அதைக் குறி வைத்து ஓடிப் போய் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும், “எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?” என்று கேட்டேன். அந்தத் தோரணைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிறகு யுத்த காலம் வந்தது. ரயில்கள் குறைந்தன, இருக்கிற ரயில்களில் சிப்பாய்க் கூட்டம். அந்தச் சமயத்தில்தான் மச்சினி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். தாயில்லாப் பெண், அதனால் அக்கா வீடுதான் தாய்வீடு. எங்கள் பக்கத்தில் ஏழாம் மாசத்துக்குள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வந்துவிட வேண்டும். எட்டாம் மாசம் பிறந்தால் வாசல்படி தாண்ட விட மாட்டார்கள். அதற்கு அப்புறம் பிரயாணமே கூடாது. பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடக்கும். அங்கே எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் வலி எடுக்கும்போது கூப்பிட அக்கா இருக்க மாட்டாள்.

ஏழாம் மாசம் முடிய ஒரு வாரம் இருந்தது. நான் வேலை பார்த்தது மல்லாட்டை மண்டியில். அறுவடைக் காலம். லீவு கேட்டதும் முதலாளி தராசைக் காட்டினார்.

“மூட்டை மூட்டையா வந்து எறங்குது. இப்பப் போய் மச்சினி ஊட்டுக்குப் போறேன்றியே. இத்த யாருய்யா புடிக்கிறது, உன் மச்சினியா?”

என் மாமனாருக்குப் பார்வை மங்கிவிட்டது. வேறு ஆண்துணை கிடையாது. திண்டிவனத்திலிருந்து மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் மச்சினியின் மாமியாரான சம்பந்தியம்மாளின் சேதியையும் இறக்கிவிட்டுப் போனார்: பிறந்த வீட்டு ஆண்துணை இல்லாமல் பிள்ளைத்தாய்ச்சியை ரயில் ஏற்ற மாட்டார்களாம்.

இதைக் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னாள்: “அப்போ நான் போறேங்க.”

“தனியாவா?”

“ஆமா. புள்ளைங்கள நீங்க பாத்துக்கங்க. கைய வீசிக்கினு போய் வர்றேன்.”

“அவங்கதான் அனுப்ப மாட்டேன்றாங்களே?”

“அத்த அங்க போய்ப் பேசிக்கறேன்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை, அதனால் அவளுக்கும் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் இருக்கிற பெரிய ஆபத்தை விளக்கினேன். பட்டணத்திலிருந்து வருகிற வண்டியின் பின்பக்கப் பெட்டிகளை இங்கே கழற்றிப் புதுச்சேரி லைனில் விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது தப்பித் தவறிக்கூடப் பின்பக்கம் ஏறக் கூடாது. ஏறினால் பிள்ளைத்தாய்ச்சியோடு பிரெஞ்சுக்காரன் சீமைக்குப் போய்விடுவாய். அவள் புளிச்சோற்றுக்குப் புளி கரைக்கும்போதும் சொன்னேன், எள்ளு வறுக்கும்போதும் சொன்னேன்.

“சரிங்க. நீங்க சொல்லிச் சொல்லி உங்க பொண்ணுக்கே பாடமாயிடுச்சு. வேணுன்னா கேட்டுப் பாருங்க.”

மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்: “பின்னாடி பெட்டி புதுச்சேரி போவும். அதுல ஏறுறவங்க முட்டாளுங்க.” இரண்டாவது வரி நான் சொன்னதா, அவளே சேர்த்ததா என்று நினைவில்லை.

திங்கட்கிழமை ராகுகாலத்துக்கு முன்பே இருக்கிற வண்டியாகப் பார்த்துப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டேன். அந்த விஷயத்தில் நான் கெட்டி. கட்டுச்சோற்றுக் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிள்ளைகளோடு போகும்போது ஜன்னல் ஓரம் அவர்களுக்கு, இல்லாவிட்டால் எனக்கு. அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கத்துப் பெண்ணிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் தேவையா என்று எனக்குப் பட்டது.

அடுத்த இரண்டு நாள் என் சமையலைப் பற்றிப் பேச வேண்டாம். கேப்பைக் களி கிண்டினேன். நடுப்பிள்ளை அதை உருட்டி விளையாடியது. களியும் கடைசிவரை உடையவில்லை.

புதன்கிழமை மதிய வண்டியில் திரும்புவதாகப் பேச்சு. முதலாளியிடம் கெஞ்சிச் சற்று நேரம் அனுமதி வாங்கி, மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்தது. முன்பக்கப் பெண்கள் பெட்டியில் பார்த்தேன், அவள் இல்லை. மற்றப் பெட்டிகளிலும் இல்லை. இறங்கியவர்கள் எல்லாரும் கலைந்து போனார்கள். சிப்பாய்கள் ஜன்னல் வழியாகச் சிரித்தார்கள். அவர்கள் எதற்கோ சிரித்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ? இல்லை, நான் படித்துப் படித்துச் சொன்னதுதான் நடந்துவிட்டதோ?

அந்தப் பக்கம் புதுச்சேரி லைனில் கழற்றிவிட்ட பெட்டிகள் வேறொரு எஞ்சினோடு தயாராக நின்றன. கைக்குழந்தை இடுப்பில், மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் தொங்க, ஓடினேன். பெண்கள் பெட்டி ஜன்னலில் அரக்குச் சேலை ஒன்று தெரிந்தது. என் மனைவி கட்டிக்கொண்டு போனதும் அரக்குச் சேலை. அவளுக்குப் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி போல ஒருத்தி. கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளையும் உள்ளே ஏற்றி, நானும் ஏறி, அந்த அரக்குச் சேலையின் முன்னால் போய் நின்று, “எத்தினி வாட்டி சொன்னேன் உனக்கு!” என்று கத்தினேன்.

சேலை திரும்பியது. நாற்பது வயசிருக்கும், மூக்கில் பெரிய பேசரி.

“இன்னா சொன்னே?” என்றாள் அந்த அம்மாள்.

பக்கத்தில் இருந்தவளின் வயிறு என்று நான் நினைத்தது, இந்த அம்மாள் அவள் மடியில் வைத்திருந்த பலாப்பழம்.

அந்த நேரத்தில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பெட்டி முழுக்கத் தாய்மார்கள், அவர்களுடைய பிள்ளைகள், கூடைகள். ஒருத்தி கத்தினாள்: “யோவ், இது பொம்பளைங்க பெட்டி! எறங்குய்யா!”

ஓடுகிற வண்டியிலிருந்து மூன்று பிள்ளைகளோடு எப்படி இறங்குவது? நான் விட்டுக்கொடுக்கவில்லை. “பயப்படாதீங்கம்மா. இது வெறும் ஷன்டிங். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்துடும்” என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னேன்.

வண்டி வேகம் எடுத்தது. ஸ்டேஷன் போயிற்று, தண்ணீர்த்தொட்டி போயிற்று, ரயில்வே கேட்டும் போயிற்று. அடுத்த ஸ்டேஷன் வளவனூர்தான்.

மூத்தவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “நைனா, பின்னாடி பெட்டி புதுச்சேரி போவும்னு நீதானே சொன்ன? அதுல ஏறுறவங்க...”

“சும்மா இரு.”

பலாப்பழத்து அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “இன்னாண்ணே, வளவனூர் வரைக்கும் ஷன்டிங்கா?” என்றாள். பெட்டியே சிரித்தது. இடுப்பில் இருந்த குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. அதோடு என் வேட்டியும் நனைந்தது.

“பொண்டாட்டி எங்க போயிருக்குது?”

சொன்னேன். தங்கை, கட்டுச்சோறு, ஏழாம் மாசம், ஆண்துணை, மதிய வண்டி, பின்பக்கப் பெட்டி, எல்லாவற்றையும். கடைசியில், “அவளுக்குத் தனியாப் போய்ப் பழக்கமில்லீங்க” என்றேன்.

“உனக்கு இருக்குதா?” என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

பலாப்பழத்து அம்மாள் கையை நீட்டினாள். “குடு அந்தக் கொழந்தைய. நான் புள்ளைங்கள உட்டுட்டுக் கெளம்பி இன்னிக்குத்தான் மொத தபா ரயிலேறியிருக்கேன். கை சும்மா இருக்குது, ஒரு மாதிரியா இருக்குது.” குழந்தையை வாங்கி முட்டியில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினாள். அழுகை நின்றது. இன்னொருத்தி நடுப்பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு அதிரசம் கொடுத்தாள். வேறொருத்தி தன் தலையிலிருந்து கனகாம்பரத்தைக் கிள்ளிக் குழந்தையின் நாலு முடியில் செருகினாள். மூத்தவள் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து புளியங்கொட்டை ஆட ஆரம்பித்துவிட்டாள். இதெல்லாம் வண்டி ஒரு மைல் போவதற்குள். பிள்ளைகளோடு பிரயாணம் என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது தண்டவாளத்தை.

“அது சரி,” என்றாள் மூக்குப் பேசரி, “திண்டிவனத்துல மதிய வண்டின்னியே. இன்னிக்கு இன்னா கெழமை?”

“புதன்.”

“புதன்கெழமை மத்தியானம் ராகுகாலம். புள்ளத்தாச்சிய ராகுகாலத்துல எவளாவது ஊட்ட உட்டு அனுப்புவாளா?”

திங்கட்கிழமை ராகுகாலம் பார்த்து ஏற்றிவிட்ட ஆசாமி நான். என் வாசலில் மட்டும்தான் ராகுகாலம் வரும், திண்டிவனத்தில் வராது என்று நினைத்துவிட்டேன்.

“சாயந்தர வண்டிக்கு வரும். போ, பேஜாராவாதே. வளவனூர்ல எறங்கி, எதிர் வண்டி புடிச்சி ஜல்தி போய்ச் சேரு.”

“வரும்” என்று அவள் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் அனுப்ப வேண்டுமே? வளவனூர் பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்துணை இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால், அவள் தங்கையை விட்டுவிட்டுத் தனியாக அழுதுகொண்டு வருவாள். இந்த வாரம் போனால் போனதுதான். தராசை எவனாவது பிடித்துத் தொலைக்கட்டும் என்று நானே போயிருக்க வேண்டும் என்று பட்டது. அப்புறம், போயிருந்தால் எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பேனோ என்றும் பட்டது.

எதிர் வண்டியில் நாங்கள் விழுப்புரத்தில் இறங்கியபோது, பட்டணத்து வண்டி வந்து நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கப் பெட்டியிலிருந்து முதலில் கட்டுச்சோற்றுக் கூடை இறங்கியது. அடுத்தது அரக்குச் சேலை. அவள் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் கொடுத்துத் தங்கையை மெதுவாக இறக்கினாள். மச்சினியின் கை நிறைய வளையல்.

எங்களைப் பார்த்துவிட்டாள் என் மனைவி. புதுச்சேரி லைன் பக்கமிருந்து வருகிற புருஷன், நனைந்து காய்ந்த வேட்டி, ஆளுக்கொரு அதிரசத்தோடு பிள்ளைகள், தலையில் பூவோடு கைக்குழந்தை.

“இன்னாங்க, எங்கள அழைச்சிக்கினு போவ வந்தீங்களா, இல்ல நாங்க உங்கள அழைச்சிக்கினு போவணுமா?”

“நைனா பின்னாடி பெட்டில ஏறிடுச்சு” என்று மூத்தவள் வெளியிட்டுவிட்டாள்.

குதிரை வண்டியில் போகும்போது மச்சினி சொல்லச் சொல்ல எல்லாம் வெளியே வந்தது.

“மாமா, எங்க மாமியாரு நேத்து பூரா ஒத்துக்கல. ஆம்பள வந்தாத்தான் அனுப்புவேன்னே சொல்லிக்கினு இருந்தாங்க. அக்கா இன்னா சொன்னான்னு தெரியுமா?”

“வாய மூடுடி” என்றாள் என் மனைவி.

“‘அத்த, அவரு வந்தா கல்யாணத்தப்போ மாதிரி ஜன்னல்ல செவப்புச் சட்டைய ஆட்டி அவர நான் தேடிப் புடிக்கணும். புள்ளத்தாச்சியப் பாப்பனா, அவரப் பாப்பனா? அவரு ஊட்ல இருக்கறதால எனக்கு ஒரு வேலைதான்’ன்னா. எங்க மாமியாரு சிரிச்சி சிரிச்சி கண்ணத் தொடச்சிக்கினாங்க. ‘எங்க ஊட்டு ஆளும் இதே கததான்டியம்மா, நீ அழைச்சிக்கினு போ’ன்னுட்டாங்க.”

வண்டிக்காரர் குதிரையை விரட்டுவது போலத் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் வந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த நாள் மண்டியில், தராசுக்கு வருகிற ஒவ்வொரு ஆளிடமும், “என் ஊட்டுக்காரி ஒண்டியா திண்டிவனம் போய், சம்பந்தியம்மாகிட்டப் பேசி, தங்கச்சிய அழைச்சிக்கினு வந்துட்டாய்யா” என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன பேசினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை இது காதில் விழுந்தபோது முதலாளி, “எட போடுய்யா முதல்ல” என்றார்.

அதற்கு அப்புறம் எங்கள் தெருவில் எந்தப் பெண் ரயிலேற வேண்டுமென்றாலும் என் மனைவியைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்கள். திருவக்கரைக் காளி கோயிலுக்கு ஒரு கும்பலையே வண்டி கட்டி அழைத்துப் போனாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள்.

நாள் ஆனதும் மச்சினிக்கு எங்கள் வீட்டு உள்அறையில் பெண் பிறந்தது. வலி எடுத்து அவள் கூப்பிட்டபோது அக்கா பக்கத்தில் இருந்தாள். குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான்.